பச்சைப் பொத்தான்

இது இரவில் நடக்கவில்லை. அதனால்தான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிற்பகலில், மலேசியாவின் ஈப்போ நகரத்தின் நடுவில், கீழே கோப்பிக் கடையில் ஆட்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கடையின் மாடியில் நடந்தது. நான் அங்கே இருந்தேன். என்னோடு வேலை செய்த ஒருவரும் இருந்தார். அவர் இப்போது இதைப் பற்றிப் பேச மறுக்கிறார். ஆகவே நான்தான் எழுத வேண்டும்.

என் பெயர் அம்பிகை. மனநல ஆலோசகர். வயது ஐம்பத்திரண்டு. பேய் என்ற சொல்லை நான் வேலையிடத்தில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. இப்போதும் அது சரியான சொல்லா என்று தெரியவில்லை.

அப்போது நான் ஓர் ஆய்வில் இருந்தேன். காதுக்குள் குரல் கேட்கும் நோயாளிகளில், மருந்து கொடுத்தும் குரல் நிற்காதவர்களுக்கு ஒரு புதிய சிகிச்சை. திட்டுகிற குரலுக்கு முகம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நோயாளியே சொல்வார். அந்த முகத்தைக் கணினியில் உருவாக்குவோம். நோயாளி ஓர் அறையில் அதன் முன்னால் உட்காருவார். அடுத்த அறையில் நான் மைக்கோடு இருப்பேன். என் முன்னால் இரண்டு பொத்தான்கள். சிவப்பை அழுத்திப் பேசினால் என் பேச்சு அந்த முகத்தின் வாயிலிருந்து, அதன் குரலில் வரும். பச்சையை அழுத்திப் பேசினால் என் சொந்தக் குரலில் போகும். சிவப்பில் திட்டுவேன். பச்சையில் தைரியம் சொல்வேன். நோயாளி அந்த முகத்தை எதிர்த்துப் பேசப் பழக வேண்டும். வாரம் செல்லச் செல்ல முகம் தோற்க வேண்டும்.

கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். சிலர் இதில் குணமாகியிருக்கிறார்கள்.

கனகராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது குடும்பம் ஈப்போவின் ஓரத்திலுள்ள சிலிபினுக்கு வந்துவிட்டது. பெற்றோர் இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் தங்கை தினேஸ்வரிதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். இருபது வருடமாக அவரை ஒரே குரல் திட்டிக்கொண்டிருந்தது. எல்லா மருந்தும் தோற்ற பிறகு குளோசபின் கொடுத்தார்கள். அதில்தான் கொஞ்சம் நிமிர்ந்தார்.

அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குடலைத் தூங்க வைத்துவிடும். சாதாரண மலச்சிக்கலாகத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து, அழுகி, ஆளே போய்விடலாம். நோயிலிருந்து எழுந்தவர் மருந்தால் விழுவார். அதனால் அவர் வரும்போதெல்லாம் எங்கள் முதல் கேள்வி ஒன்றுதான். வயிறு ஒழுங்காகப் போகிறதா?

குரலை விவரிக்கச் சொன்னேன். வயதான ஆண், வெள்ளைக் காற்சட்டை, தோட்டத்து டிரஸ்ஸர் என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். படித்த டாக்டர் இல்லை. ஆனால் தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்ன சொல்றாரு?"

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டு, குரலை மாற்றிப் பேசிக் காட்டினார்.

"எழும்படா நாயே. உன்ர குடல் அழுகுது. இஞ்ச படுத்துக் கிடக்கிறியோ?"

என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. அது யாழ்ப்பாணத் தமிழ். என் அப்பாவின் தமிழ். எங்கள் வீட்டுக்குள் மட்டும் பேசுகிற தமிழ். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் மகனுக்கு அது எங்கிருந்து வந்தது?

தினேஸ்வரியிடம் விசாரித்தேன். அண்ணன் பிறப்பதற்கு முன்பே தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், எந்த டிரஸ்ஸரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிராணி, டிரஸ்ஸர் எல்லாம் ஒங்க ஆளுங்கதானே அக்கா? அப்ப சும்மா திட்டுனீங்க. இப்ப சம்பளம் வாங்கிக்கிட்டுத் திட்டுறீங்க லா."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் கிராணி என்ற கணக்கரும் டிரஸ்ஸரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார்தான். அந்தக் குரலைப் பேச என்னைத் தேர்ந்தெடுத்ததே அந்தத் தமிழ் எனக்கு வரும் என்பதால்தான்.

குடல் அழுகுகிறது என்பது புதிது, ஒரு மாதமாகத்தான் குரல் அதைச் சொல்கிறது என்றார் கனகராஜ். எங்கள் ஆய்வின் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. மலமிளக்கியைக் கூட்டிக் கொடுத்தார். மற்றபடி அது நோயின் பேச்சு என்று முடிவானது. கடைசி வாரத்தில் அந்த முகத்தைப் பார்த்துக் கனகராஜ் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முடிவு செய்தோம். என் குடல் நல்லா இருக்கு, நீ சொல்றது பொய். அதுதான் எங்கள் இலக்கு.

கணினி வேலை பிரஷாந்தனுடையது. சின்ன வயது, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பான். கனகராஜ் சொல்லச் சொல்ல முகத்தை மாற்றிக்கொண்டு போனான். கன்னம் ஒட்ட வேண்டும். கண் இன்னும் உள்ளே. முகம் முடிந்ததும் கனகராஜ் நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போனார்.

"என்ர பெரியப்பா மாதிரி இருக்கிறார் அக்கா," என்றான் பிரஷாந்தன், என் காதோடு.

முதல் வாரம் நன்றாகப் போனது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது எனக்குத் திட்டுவது சுலபமாக வந்தது. எழுதிக் கொடுத்ததற்கு மேலும் வந்தது. என் உடம்பு முழுக்க அந்த வார்த்தைகளில் இருந்தது. பச்சையை அழுத்தியபோது அப்படி இல்லை. "ஒண்ணும் இல்ல கனகராஜ், அது வெறும் சத்தம்" என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னேன். இனிமையான குரல். எல்லோரும் பாராட்டும் குரல். ஆனால் அதைப் பேசும்போது நான் மீன் வாங்குவதைப் பற்றிக்கூட நினைத்துக்கொண்டிருக்க முடியும். பேசுகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன். அந்த இடம் காலியாக இருக்கும்.

இதை அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகுதான் யோசித்தேன். நிறைய யோசித்தேன்.

இரண்டாம் வாரத்தில் முதல் கோளாறு வந்தது. வயிறு போகிறதா என்று கேட்டேன். போகுது அக்கா, வலியே இல்ல என்றார். தினேஸ்வரிக்கு மகிழ்ச்சி. வீட்டில் வயிறு வயிறு என்று புலம்புவதை நிறுத்திவிட்டாராம்.

அன்று நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டேன். இரண்டு பொத்தானிலிருந்தும் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் அறையிலிருந்த கேமரா வழியாக, திரையோடு சேர்த்து, அவர் தெரிந்தார். முகத்தைப் பார்க்காமல், பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

காத்திருந்தார்.

மறுபடி தலையாட்டினார்.

"சரிக்கா," என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை.

பிரஷாந்தனைப் பார்த்தேன். ஏற்கனவே பேசியது தாமதமாகப் போயிருக்கும் என்றான். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

மூன்றாம் வாரம். இந்த முறை சட்டையின் கடைசிப் பொத்தானைக் கனகராஜ் போடவில்லை. முகம் மஞ்சளாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தோம் என்றாள் தினேஸ்வரி. வயிறு போகுது, நல்லாச் சாப்பிடுறேன் என்றார் அவர். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

திட்டினேன். அவர் எதிர்த்துப் பேசினார். என் குடல் நல்லா இருக்கு என்றார், உரக்க. எங்கள் இலக்கை ஒரு வாரம் முன்னதாகவே தொட்டுவிட்டார். பிரஷாந்தன் எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நான் கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்போது திரையில் அந்த முகம் வாயைத் திறந்தது.

சத்தம் இல்லை. வாய் மட்டும். திறந்து, மூடி, திறந்து... கத்துகிறவனின் வாய். கழுத்து நரம்பு புடைத்தது. அப்படி நரம்பு புடைக்க வைக்க அந்தக் கணினிக்குத் தெரியாது என்று பிரஷாந்தன் பிறகு சொன்னான்.

கனகராஜ் அதைப் பார்க்கவே இல்லை. ஒலிபெருக்கியின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தார்.

முகம் என்னைப் பார்த்துக் கத்தியது. கேமராவை நோக்கி. கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னை நோக்கி.

அன்று இரவு தூங்கவில்லை. அந்த டிரஸ்ஸர் நிஜம், அவர் என்னைத்தான் பார்த்தார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவரை ஒழிக்க வேண்டும் என்றும் தோன்றியது. இன்னொரு வாரம்தான். கனகராஜ் அவரைப் போகச் சொல்லிவிட்டால் முடிந்தது.

நான்காம் வாரம். மதியத்திலிருந்தே மழை. ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகள் எதுவும் தெரியவில்லை. கனகராஜ் மாடிப்படியை ஏற நேரம் எடுத்தார். படியிலேயே வலி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். தினேஸ்வரி கோப்பி குடிக்கக் கீழே போய்விட்டாள்.

அவருக்கு வேர்த்திருந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு சரியில்லையென்றால் இன்னொரு நாள் வரலாம் என்றேன்.

"இன்னிக்கே முடிச்சிறலாம் அக்கா. அந்தாளு போகட்டும்."

தொடங்கினோம். சிவப்பை அழுத்தினேன். எழும்படா, உன்ர குடல் அழுகிப் போச்சுது என்றேன். போ என்றார் அவர். உன் பேச்ச இனிமே கேக்க மாட்டேன், போ என்றார்.

முகம் ஒரு கணம் அப்படியே நின்றது.

இடி விழுந்தது. மின்சாரம் போனது.

திரை கருத்தது. குளிர்சாதனம் நின்றது. என் காதில் மாட்டியிருந்த கருவி செத்துப்போனது. கழற்றி மேசையில் வைத்தேன். பிரஷாந்தன் மின்பெட்டியைப் பார்க்க வெளியே போனான். மணி மூன்று பத்து. சன்னலில் சாம்பல் வெளிச்சம் இருந்தது.

மழை...

பிறகு மழைக்குள் இன்னொரு சத்தம்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம். கனகராஜின் அறையில். ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

தினேஸ்வரி மேலே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். தினேஸ்வரி கோப்பிக் கடையின் வாசலோரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் காதை வைத்தேன்.

"ஒண்ணும் இல்ல கனகராஜ். வலி இல்ல. அப்படியே உட்காருங்க."

இனிமையான குரல்.

என் குரல்.

என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது.

"யாரும் வர வேணாம். அப்படியே..."

கதவைத் திறந்தேன்.

பேச்சு நின்றது.

அறையில் வேறு யாரும் இல்லை. கனகராஜ் கருத்த திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா நிறுத்திட்டீங்க?" என்றார். "பேசுங்க."

அவர் சட்டையைத் தூக்கினேன். வயிறு பானை போல உப்பியிருந்தது. கை வைத்தேன். பலகை.

பிரஷாந்தனைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் இந்த மழையில் எப்போது வருமோ என்று, அவன் காரிலேயே போக முடிவு செய்தோம். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். கனகராஜ் காலை ஊன்றவில்லை. வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். மாடிப்படியின் மேல்முனை வரை இழுத்துக்கொண்டு வந்தோம்.

பின்னால், நாங்கள் விட்டுவந்த காலி அறையிலிருந்து...

"அவர விட்டுட்டுப் போங்க."

மெதுவாக. அன்பாக.

பிரஷாந்தன் நின்றுவிட்டான். திரும்பி அறையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தான்.

"அக்கா... நீங்களா கதைச்சது?"

தலையசைத்தேன். இல்லை.

அவன் அதற்குப் பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை. அவன் பையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை இரவு வரை நடந்தது. குடலில் ஒரு முழம் அழுகியிருந்தது. வெட்டி எடுத்தார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். இவ்வளவு வலியை ஒரு மனிதர் வெளியே சொல்லாமல் இருக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். தினேஸ்வரியும் அதையே கேட்டாள். அவள் கேட்ட விதம் வேறு. வார்டு நடையில் எல்லோரும் பார்க்க, நீங்க என்னத்தத்தான் ஆராய்ச்சி பண்ணீங்க என்று கேட்டாள்.

கனகராஜ் கண் விழித்துப் பேச ஒரு வாரம் ஆனது. பார்க்கப் போனேன். அந்த டிரஸ்ஸர் உங்களை வலியைச் சொல்ல விடவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அந்தாளு கத்திக்கிட்டேதான் இருந்தாரு. ஆஸ்பத்திரிக்கு ஓடுடா, ஓடுடான்னு. நீங்கதானே அக்கா வேணாம்னீங்க."

"நானா?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. சொன்னா மருந்த நிறுத்திருவாங்கன்னு. ரெண்டாவது வாரத்துலேர்ந்து. வீட்டுலகூட வந்து சொன்னீங்களே."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, ஒண்ணும் இல்ல கனகராஜ் என்று சொல்லிப் பார்த்தேன். பழைய குரல்தான். அதே இனிமை. எப்போதும் காலியாக இருந்த அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நோயாளிகளிடம் பேசுவதையே விட்டுவிட்டேன். இப்போது வேறு இடத்தில், ஆட்களைப் பார்க்காத வேலை.

குளோசபினை நிறுத்திவிட்டார்கள். டிரஸ்ஸர் திரும்பி வரவில்லை. கனகராஜ் அந்த ஆளைப் போகச் சொல்லியிருந்தார். போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தினேஸ்வரி போன் செய்தாள். எடுத்தவுடன் திட்டினாள். நான் கேண்டீனுக்குப் போற நேரமாப் பாத்து வீட்டுக்கு வாரீங்க, கதவ மூடிக்கிட்டு அண்ணன்கிட்டப் பேசுறீங்க, அவரு சாப்பாட்டத் தொட மாட்டேங்கறாரு என்றாள். நான் சிலிபின் பக்கமே வந்ததில்லை என்றேன்.

"பொய் சொல்லாதீங்க அக்கா. நேத்து நான் லீவு. சமையக்கட்டுலதான் நின்னேன். எனக்கே கேட்டுச்சு."

அவரை அந்த வீட்டிலிருந்து உடனே வேறு எங்காவது அனுப்பு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தைப்பிங் ஊரில் அவர்களுக்குச் சின்னையா என்றொரு சித்தப்பா இருக்கிறார். அங்கே அனுப்பினாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். கனகராஜ் சதை போட்டிருக்கிறார். வேறு மருந்து, குறைந்த அளவில். எந்தக் குரலும் இல்லை. மழையில் நனைந்துகொண்டே எனக்குப் பழம் வாங்கி வந்தார். பிழைத்துவிட்டார். அதை நினைத்துத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

தினேஸ்வரி சிலிபின் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். அண்ணன் நன்றாக இருப்பதைச் சொல்லப் பலமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

சென்ற வாரம் சந்தையில் பார்த்தேன். பகல் பதினொரு மணி. முதலில் அவள் என்று தெரியவில்லை. சட்டை தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கையில் காய்கறி எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். இத்தனை நாளில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு அக்கா போனு?" என்றாள். "அதான் தினமும் வீட்டுக்கு வந்து பேசுறீங்களே."